டாங்கிக்கு ரிட்டயர்மென்ட்டா?

உங்கள் மொபைலுக்கும் அந்த மாதிரி வீடியோ ஒன்று வந்திருக்கும். உக்ரைனில் ஏதோ ஒரு வயல்வெளி. புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு டாங்கி போகிறது. தலைக்கு மேலே கொசு மாதிரி ஒரு ட்ரோன். நம்ம ஊர் கல்யாணத்தில் வீடியோ எடுக்கப் பறக்க விடுவார்களே, கிட்டத்தட்ட அந்த சைஸ்தான். சில நொடிகள். ஒரு வெளிச்சம். டாங்கியின் தலைப்பாகம் பானை மூடி மாதிரி தூக்கி எறியப்படுகிறது. பல கோடி ரூபாய் வண்டியைச் சில பத்தாயிரம் ரூபாய் பொம்மை காலி பண்ணிவிட்டது!

அடுத்த நிமிஷம் ஹாஸ்டல் ரூமில் தீர்ப்பு ரெடி. “மச்சி, டாங்கி சாப்டர் க்ளோஸ்!”

கொஞ்சம் இருங்க பாஸ். இந்தத் தீர்ப்பு புதுசு இல்லை. 1973-ல் சினாய் பாலைவனத்தில், பெட்டியில் வைத்துத் தூக்கிவந்த ஏவுகணைகளால் எகிப்து வீரர்கள் இஸ்ரேல் டாங்கிகளை வரிசையாக அடித்தபோதும் இதையேதான் சொன்னார்கள். பதினெட்டு வருஷம் கழித்து, 1991-ல் குவைத்தை மீட்ட தரைப்போர் 100 மணி நேரத்தில் முடிந்தது. முன்னால் ஓடியது சாட்சாத் அதே டாங்கிதான்.

அப்போ இந்தத் தடவை மட்டும் என்ன வித்தியாசம்? அதைத்தான் இந்த வாரம் பேசப்போகிறோம். வில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு டாங்கியைப் பற்றி எழுதுகிறாயே, உனக்கே ஓவராகத் தெரியவில்லையா என்று கேட்காதீர்கள். பூண்டு மூட்டையும் கேரட் மூட்டையும் ஏற்றிய லாரி வளைவில் திரும்புவதே இங்கே ஒரு சாகசம்தான். ஆனால் நம் நாட்டு டாங்கிகள் செய்த மிகச் சிறந்த இரண்டு வேலைகள் பாலைவனத்திலோ சமவெளியிலோ நடக்கவில்லை. மலையில் நடந்தன. அங்கே போவதற்கு முன்னால், இந்த ‘வேகம்’ என்கிற சமாச்சாரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

மின்னல் யுத்தம் என்றவுடன் நம் மனசில் வருவது என்ன? ஜெர்மன் டாங்கிகள் சர்ரென்று பாய்வது. 1940 மே 10 அன்று கிளம்பி, 13-ஆம் தேதி செடான் என்ற ஊரில் ஆற்றைக் கடந்து, 20-ஆம் தேதி கடற்கரையைத் தொட்டுவிட்டார்கள். பத்தே நாள். பிரான்ஸ் சுருண்டது. இதில் காமெடி என்னவென்றால், பிரெஞ்சுக்காரர்களிடம் டாங்கிகள் குறைச்சல் இல்லை. சிலவற்றின் கவசம் ஜெர்மன் டாங்கியைவிடத் தடிமன். ஜெர்மன் டாங்கிக்குள் ரேடியோ இருந்தது, பல பிரெஞ்சு டாங்கிகளில் இல்லை. அது ஒரு காரணம். பெரிய காரணம், ஜெர்மானியர்கள் வந்த வழி. ஆர்டென்ஸ் என்ற காட்டு மலைப்பகுதி வழியாக வந்தார்கள். அந்த ரோட்டில் பெரிய டாங்கிப் படை வரவே வராது என்று பிரெஞ்சு ஜெனரல்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ரோட்டில் ஜெர்மன் படை எப்படிப் போனது தெரியுமா? மின்னல் மாதிரி எல்லாம் இல்லை. மே மாத சீசனில் சனிக்கிழமை மதியம் வத்தலக்குண்டு மலைப்பாதையில் ஏறிப் பாருங்கள். ஒரு வேன் ரேடியேட்டர் சூடாகி வளைவில் நின்றுவிட்டால் பின்னால் எத்தனை கொண்டை ஊசி தூரத்துக்கு வண்டி நிற்கும்? அதேதான். நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான டிராஃபிக் ஜாம். விமானத்தில் பறந்து பார்த்த பிரெஞ்சு பைலட்டுகள் விஷயத்தைச் சொல்லவும் செய்தார்கள். மேலே இருந்தவர்கள் நம்பவில்லை. நம்பித் தாக்கியிருந்தால் சரித்திரப் புத்தகத்தில் அந்தப் பாடமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

இப்போது 2022-க்கு வாருங்கள். பிப்ரவரி கடைசியில் உக்ரைன் தலைநகர் கீவை நோக்கி ரஷ்ய வண்டிகள் வரிசை கட்டி நின்றன. சுமார் 64 கிலோமீட்டர் நீளம். எரிபொருள் தட்டுப்பாடு, உடைந்த பாலம், சேற்றில் இறங்க முடியாத நிலை. சின்னச் சின்னக் குழுக்கள் ராத்திரியில் வந்து அடித்துவிட்டுப் போகின்றன. அதுவும் ஜாம்தான். ஆனால் 1940-ல் பைலட்டின் பேச்சை நம்பாமல் விட்டார்கள். 2022-ல் தனியார் சாட்டிலைட் எடுத்த படம் நம் வீட்டு டீவியிலேயே ஓடியது! மார்ச் கடைசியில் ரஷ்யர்கள் அங்கிருந்து திரும்பிப் போனார்கள்.

ஆக, ட்ரோனும் சாட்டிலைட்டும் டாங்கியின் கவசத்தை மட்டும் உடைக்கவில்லை. ‘எனக்குத் தெரியாமல் வந்துட்டியே’ என்று எதிரி அதிர்ச்சி அடையும் அந்த நிமிஷத்தைத் திருடிவிட்டன. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய இழப்பு. ஏனென்றால் டாங்கியின் வேகம் ஒருபோதும் ஸ்பீடாமீட்டரில் இருந்ததில்லை. டி-90 டாங்கி மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடும். நம்ம ஊர் பஸ்ஸே அதற்கு டஃப் கொடுக்கும். ‘இவன் இங்கே வரமாட்டான்’ என்று எதிரி நினைக்கும் இடத்தில், அவன் சுதாரிப்பதற்குள் போய் நிற்கிறோமா என்பதுதான் கணக்கு. (டேங்க் என்ற பேரே ஏமாற்று வேலைதான். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் இதை ரகசியமாகச் செய்தபோது, கேட்பவர்களிடம் ‘அது தண்ணி டேங்க்’ என்று சொல்லிவைத்தார்கள். பேரு அப்படியே ஒட்டிக்கொண்டது.)

சரி, மலைக்குப் போவோம். 1948. காஷ்மீர். சோஜிலா கணவாய் எதிரிகளின் கையில். அதன் வழியாகத்தான் லடாக்குக்குப் பாதை. பனிக்காலம் வந்து கணவாய் மூடிவிட்டால் லே நகரம் தனித்துவிடப்படும். செப்டம்பரில் காலாட்படை ஏறிப் பார்த்தது. மேலே பாறை இடுக்குகளில் இயந்திரத் துப்பாக்கிகள் காத்திருந்தன. முடியவில்லை. உயரம் சுமார் 11,500 அடி. கொடைக்கானல் 7,000 அடி என்றால், இன்னும் பாதிக்கும் மேலான கொடைக்கானலை அதன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் ஜெனரல் திம்மய்யா அந்த முடிவை எடுத்தார். டாங்கியை மேலே ஏற்றுவது! கேட்டவர்களுக்கு நிச்சயம் தலை சுற்றியிருக்கும். 7-ஆம் லைட் கேவல்ரி என்ற ரெஜிமென்ட்டின் ஸ்டூவர்ட் டாங்கிகள் ஜம்மு பக்கத்திலிருந்து கிளம்பின. பதினெட்டாம் நூற்றாண்டில் மெட்ராஸ் குதிரைப்படையாகப் பிறந்த ரெஜிமென்ட் அது. டாங்கியின் சுழல் தலையைத் தனியாகக் கழற்றினார்கள். ஒற்றர்கள் பார்த்தால் டாங்கி என்று தெரியக்கூடாது, வழியில் உள்ள பலவீனமான பாலங்களும் எடையைத் தாங்க வேண்டும். ராத்திரியில் நகர்ந்தார்கள். கணவாயின் அடிவாரமான பால்தாலில் திரும்பவும் தலையைப் பூட்டினார்கள்.

ஆனால் பால்தாலிலிருந்து மேலே? கோவேறு கழுதை போகிற ஒற்றையடிப் பாதைதான். இங்கே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பாதையைப் பாறை உடைத்து, வெடி வைத்து, வண்டி போகும் ரோடாக மாற்றியவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ். ராணுவத்தில் ‘தம்பிகள்’ என்று செல்லமாகக் கூப்பிடப்படுகிற அதே பொறியாளர் படை. எதிரி மேலேயிருந்து சுட்டுக்கொண்டிருக்கும்போதே வேலை நடந்தது.

அக்டோபரில் தாக்குவதாக இருந்தது. வானிலை விடவில்லை. நவம்பர் 1, 1948. பனி கொட்டிக்கொண்டிருந்தது. லெப்டினன்ட் கர்னல் ராஜிந்தர் சிங் தலைமையில் டாங்கிகள் ஏறின. ராணுவத்தில் அவருக்குப் பட்டப்பேர் ‘ஸ்பேரோ’, அதாவது சிட்டுக்குருவி. முன்னால் போன டாங்கியில் திம்மய்யாவே இருந்தார். மேலே பதுங்கியிருந்தவர்களை யோசித்துப் பாருங்கள். துப்பாக்கியோடு ஆள் வருவான், கையெறி குண்டு வரும் என்றெல்லாம் தயாராக இருந்திருப்பார்கள். பனிமூட்டத்துக்குள்ளிருந்து டாங்கி வந்தால்? அன்றே கணவாய் விழுந்தது. நவம்பர் 15-ல் திராஸ், 23-ல் கார்கில்.

அந்த ஏற்றத்தில் டாங்கிகள் நடந்து போகிற வேகத்தைத் தாண்டியிருந்தாலே ஆச்சரியம். ஆனால் நம் ராணுவ வரலாற்றின் ‘வேகமான’ டாங்கித் தாக்குதல் எது என்று கேட்டால் நான் சோஜிலாவைத்தான் சொல்வேன்.

நேர் எதிர் உதாரணம் வேண்டுமா? 1971 டிசம்பர் 4 ராத்திரி, லோங்கேவாலா. ‘பார்டர்’ படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாகிஸ்தான் டாங்கிகள் தார் பாலைவனத்தில் திடீரென வந்து நின்றன. எதிரே மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் கீழ் சுமார் 120 பேர். அதிர்ச்சி வைத்தியம் எல்லாம் சரிதான். ஆனால் வந்தவர்களுக்குத் தலைக்கு மேலே விமானப் பாதுகாப்பு இல்லை. கனத்த வண்டிகள் மணலில் சிக்கின. விடிந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து நம் ஹன்டர் விமானங்கள் வந்தன. அப்புறம் நடந்ததைப் படம் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். 1965-ல் பஞ்சாபின் அசல் உத்தரிலும் இதே கதைதான். அங்கே மணலுக்குப் பதில் தண்ணீர் பாய்ச்சிய வயல், கரும்புத் தோட்டம். நவீனமான பேட்டன் டாங்கிகள் சேற்றில் சிக்கி நிற்க, மறைந்திருந்தவர்கள் ஒவ்வொன்றாக அடித்தார்கள். அப்துல் ஹமீது ஒரு ஜீப்பில் பொருத்திய துப்பாக்கியை வைத்துக்கொண்டு பேட்டன்களை வீழ்த்தி, உயிரையும் கொடுத்து, பரம் வீர் சக்ரா பெற்றார். இன்றைய ட்ரோனுக்கு அண்ணன் அந்த ஜீப்தான். சின்ன ஆயுதம் பெரிய வண்டியை வீழ்த்துவது நமக்கு 1965-லேயே தெரிந்த விஷயம்.

இப்போது நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட கேள்வி. இனி ஒரு போர் வந்தால், டாங்கிகள் ஓடுவதற்கு நேரம் இருக்குமா?

2001 டிசம்பர் 13-ல் நாடாளுமன்றத் தாக்குதல் நடந்தது. ஆபரேஷன் பராக்ரம் என்று ராணுவம் எல்லைக்கு நகர்ந்தது. அம்பாலா, மதுரா, போபாலில் இருந்த பெரிய தாக்குதல் படைகள் மூட்டை முடிச்சோடு எல்லை போய்ச் சேர ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. அதற்குள் உலக நாடுகள் எல்லாம் போன் போட்டு சமாதானம் பேச ஆரம்பித்துவிட்டன. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற வண்டி, கிளம்புவதற்கே மூன்று வாரம்! இந்த அனுபவத்திலிருந்துதான் 2004-ல் ‘கோல்டு ஸ்டார்ட்’ என்ற யோசனை பேசப்பட்டது. பெரிய படையைச் சின்னச் சின்னதாகப் பிரித்து எல்லைக்குப் பக்கத்திலேயே வை, சில நாளில் பாய்ந்துவிடு என்பது அதன் சாரம்.

அப்புறம் 2025. ஏப்ரல் 22-ல் பஹல்காம். மே 7-ல் ஆபரேஷன் சிந்தூர். மே 10-ல் சண்டை நிறுத்தம். நாலே நாள். ஏவுகணை, ட்ரோன், விமானம், வான் பாதுகாப்பு எல்லாம் வேலை செய்தன. எல்லை தாண்டி ஒரு டாங்கிகூட உருளவில்லை. இரண்டு பக்கமும் அணுகுண்டு இருக்கும்போது, எதிரி நாட்டுக்குள் ஐம்பது கிலோமீட்டர் டாங்கியை ஓட்டிக்கொண்டு போவது என்பது யாரும் சுலபமாக எடுக்கிற முடிவும் இல்லை. ஹாஸ்டல் தீர்ப்பு கொடுத்த நண்பருக்கு இங்கே ஒரு பாயின்ட் தாராளமாகக் கொடுக்கலாம். 1940 பாணியில் நாடு பிடிக்கும் பாய்ச்சலுக்கு நம் மேற்கு எல்லையில் இனி இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் வடக்கு எல்லை வேறு கதை. 2020 ஜூன் 15 ராத்திரி கல்வானில் 20 வீரர்களை இழந்தோம். அதில் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் ஒருவர். அதன் பிறகு பேச்சுவார்த்தைக்கு மேல் பேச்சுவார்த்தை. ஒன்றும் நகரவில்லை. ஆகஸ்ட் 29, 30 ராத்திரி நம் படைகள் பாங்காங் ஏரியின் தென்கரையில், கைலாஷ் மலைத்தொடர் உச்சிகளில் ஏறி உட்கார்ந்துகொண்டன. ரெசாங் லா, ரெச்சின் லா. ஏறக்குறைய 16,000 அடி! காற்றே பாதிதான் இருக்கும். மனுஷனுக்கு மூச்சு வாங்குகிற மாதிரி எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும், சக்தி குறையும். குளிரில் சாதாரண டீசல் உறைந்துபோகும். அதனால் விசேஷ எரிபொருள், விசேஷ எண்ணெய். ராத்திரியில் அவ்வப்போது எழுந்து எஞ்சினை ஓட்டிவிட்டுப் படுக்க வேண்டும். அந்த இடத்துக்கு டாங்கிகளை ஏற்றி நிறுத்தினார்கள். சீன டாங்கிகளும் எதிரே வந்து நின்றன. குழாய்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

டாங்கிகள் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. 2021 பிப்ரவரியில் பாங்காங் ஏரியின் இரு கரைகளிலிருந்தும் இரண்டு நாட்டுப் படைகளும் பின்வாங்கின. நம் கையில் அந்த உச்சிகள் இருந்ததுதான் பேச்சு மேஜையில் பலம் கொடுத்தது என்று பல தளபதிகள் சொல்கிறார்கள். சோஜிலாவுக்கு 72 வருஷம் கழித்து, அதே ஃபார்முலா.

ட்ரோன் இருந்தும் இந்த மாதிரி அதிர்ச்சி கொடுக்க முடியுமா? முடிந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் கார்கிவ் பகுதியில் உக்ரைன் படை ஒரு வாரத்துக்குள் குப்பியான்ஸ்க், இஸியும் ஊர்களை மீட்டது. எல்லோரும் தெற்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வடகிழக்கில் அடித்தார்கள். லேசான சக்கர வண்டிகளும் நிறையப் போயின. 2024 ஆகஸ்டில் ரஷ்யாவின் குர்ஸ்க் எல்லைக்குள்ளேயே நுழைந்தார்கள். ஆனால் 2023 கோடையில் சபோரிஷியாவில் லெப்பர்ட், பிராட்லி என்று உலகத்தரமான வண்டிகள் இருந்தும் மாட்டிக்கொண்டார்கள். ரஷ்யர்கள் மாதக்கணக்கில் கண்ணிவெடி புதைத்துவைத்து அங்கேதான் காத்திருந்தார்கள். அதே ராணுவம், அதே வருஷங்கள். எதிரி எதிர்பார்த்த இடத்தில் தோல்வி, எதிர்பார்க்காத இடத்தில் வெற்றி.

மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் மக்களே, இனி உங்கள் ஏரியா. டாங்கியின் கவசம் முன்பக்கம்தான் தடிமன். மேல்பக்கம் மெல்லிசு. எதிரி டாங்கி நேரே நின்று சுடும் என்று வைத்துப் போட்ட டிசைன் அது. ட்ரோன் மேலேயிருந்து வருகிறது. இன்னொரு சிக்கல், டி-72, டி-90 ரகங்களில் குண்டுகள் வீரர்களின் காலுக்கடியில் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். அது வெடித்தால்தான் நீங்கள் வீடியோவில் பார்த்த பானை மூடிக் காட்சி. நம் ராணுவத்தின் பெரும்பாலான டாங்கிகள் இந்த இரண்டு ரகம்தான். ரஷ்ய டிசைன், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் தயாரிப்பு. ஆவடியிலேயே வடிவமைத்த அர்ஜுனில் குண்டு வைக்கும் ஏற்பாடு வேறு, வீரர்களுக்குப் பாதுகாப்பு அதிகம். ஆனால் மார்க் 1ஏ மாடலின் எடை சுமார் 68 டன். அதைத் தாங்கும் பாலத்தை எங்கே தேடுவது? கைலாஷ் உச்சிக்கு எப்படி ஏற்றுவது? அதனால்தான் இப்போது சுமார் 25 டன்னில் ‘ஜோராவர்’. ஆவடியின் ராணுவ வாகன ஆராய்ச்சி மையமும் எல் அண்டு டி நிறுவனமும் சேர்ந்து செய்தது. 2024 ஜூலையில் வெளியே காட்டினார்கள், டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேலான உயரத்தில் சுட்டுப் பார்த்தார்கள். எடையைக் குறைத்தால் கவசம் குறையும். கவசத்தைக் கூட்டினால் மலை ஏறாது. இந்த இழுபறிக்கு இன்னும் யாரும் விடை எழுதவில்லை.

ரஷ்யர்கள் 2024-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டாங்கியின் மேல் முழுக்கத் தகர ஷெட் போட்டுவிட்டார்கள்! ‘ஆமை டாங்கி’ என்று உலகமே சிரித்தது. சில ட்ரோன்களைத் தாங்கியது உண்மை. ஆனால் குழாயைத் திருப்ப முடியாது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கவும் முடியாது. கல்யாண மண்டபத்தைத் தலையில் சுமந்துகொண்டு ஓட்டப்பந்தயத்துக்குப் போன மாதிரி.

இதெல்லாம் இரும்புச் சமாச்சாரம் மட்டும் இல்லை ஃப்ரெண்ட்ஸ். உள்ளே உட்காருகிறவன் வயசு உங்கள் வயசுதான். 1971 டிசம்பர் 16, பசந்தர் ஆற்றுப் போர். கண்ணிவெடி வயலில் சாப்பர்கள் பாதிப் பாதையைத்தான் சுத்தம் செய்திருந்தார்கள். எதிரி டாங்கிகள் வருவது தெரிந்தது. பாதை முடியும்வரை காத்திருந்தால் அக்கரையில் இருக்கும் காலாட்படை கதி அதோகதி. பூனா ஹார்ஸ் டாங்கிகள் வெடி எடுக்காத மீதி தூரத்தையும் அப்படியே கடந்தன. அதில் ஒருவர் செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்ரபால். டாங்கி தீப்பிடித்தபோது, இறங்கிவிடு என்று ரேடியோவில் உத்தரவு வந்தது. துப்பாக்கி இன்னும் வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டுச் சண்டையைத் தொடர்ந்தார். வயது 21. ஃபைனல் இயர் படிக்கிற வயசு. அவருக்கும் பரம் வீர் சக்ரா, மறைவுக்குப் பின்.

2025 ஜூலை 26, கார்கில் வெற்றி தினத்தன்று திராஸில் பேசிய ராணுவத் தளபதி உபேந்திர திவேதி ‘ருத்ரா’ படைப்பிரிவுகளை அறிவித்தார். டாங்கி, காலாட்படை, பீரங்கி, ட்ரோன், சிறப்புப் படை எல்லாம் ஒரே குடையின் கீழ். ஒவ்வொரு காலாட்படை பட்டாலியனுக்கும் ஒரு ட்ரோன் பிளாட்டூன். 1948-ல் சோஜிலாவைத் தாண்டி நம் டாங்கிகள் போய்ச் சேர்ந்த அதே திராஸ்தான். ஜோராவரையும் 2024-ல் மலையில் சோதித்துப் பார்த்தார்கள். ஆவடியில் வேலை தேடப்போகும் மக்களுக்கு ஒரு புராஜெக்ட் ஐடியா தருகிறேன், கைடிடம் காட்டிப் பாருங்கள்: 25 டன் வண்டி, 16,000 அடி உயரம், மேலேயிருந்து வரும் இரண்டு கிலோ ட்ரோன், உள்ளே மூன்று பேர்.